சர்வர் பெயரில் ஓர் அடிக்கோடு

கேள்வி: முன்பிருந்த நிர்வாகி எங்கள் டொமைன் கன்ட்ரோலருக்கு அண்டர்ஸ்கோர் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார். சில மென்பொருள்கள் அதை ஏற்பதில்லை. பெயரை மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். கம்ப்யூட்டர் பெயர் என்றால் எழுத்து, எண், ஹைஃபன் இவைதான் டி.என்.எஸ். மரபு. நீளமும் 15 எழுத்துக்குள் அடங்கட்டும். மீறினால் நெட்பயாஸ் பெயர் வெட்டுப்படும்.

வீடு மாறுகிறவர் புது விலாசத்தை எல்லோருக்கும் சொன்ன பிறகுதானே பழைய வீட்டுச் சாவியைத் திருப்பித் தருவார்? இங்கும் அப்படித்தான். முதலில் பேக்கப். பிறகு ‘நெட்டாம்’ கட்டளையால் புதுப் பெயரைக் கூடுதல் பெயராகச் சேருங்கள். அது டி.என்.எஸ்.ஸிலும் மற்ற கன்ட்ரோலர்களிலும் பரவியபின் முதன்மைப் பெயராக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘டிசிடயாக்’ சோதனையை ஓட்டிப் பார்த்து, பிழை இல்லையென்றால் மட்டும் பழைய பெயரை நீக்குங்கள்.

அதே சர்வரில் சர்ட்டிஃபிகேட் அத்தாரிட்டி இருந்தால் பெயரில் கை வைக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் இருந்தாலும் வேண்டாம். இன்னொரு சர்வர் கையில் இருந்தால், நல்ல பெயரோடு அதைக் கன்ட்ரோலராக்கி, ஐந்து எஃப்.எஸ்.எம்.ஓ. பொறுப்புகளையும் மாற்றிவிட்டுப் பழையதை விடுவிப்பதே நிம்மதி.