வாய்மையும் கணினி மொழியும்

சென்ற ஆண்டு, ‘வாய்மை’ என்னும் அதிகாரத்தைக் கற்பித்து முடித்தபின், அதுபற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருமாறு பத்தாம் வகுப்பு மாணவரைப் பணித்திருந்தோம். வந்தவற்றுள் ஒன்று எம்மைப் பெரிதும் மகிழ்வித்தது. சந்திப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை, நடையோ ஆற்றொழுக்கு. ஆயின் நான்காம் பத்தியில் 1342ஆம் குறள் என்று ஒன்று மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தது. திருக்குறளில் உள்ளவை 133 அதிகாரங்கள், 1330 குறள்கள். அன்றியும், அம்மேற்கோளின் இரண்டாம் அடியிலும் நான்கு சீர்கள் இருந்தன. குறள் வெண்பாவின் முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவர்கள் நாம்.

வினவியபோது மாணவன் மறைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு எழுதியதாக ஒப்புக்கொண்டான். “அது பொய் சொல்லும் எண்டு எனக்குத் தெரியாது, ரீச்சர்” என்றான்.

அது பொய் சொல்லிற்றா என்பதே அன்று முதல் எம் ஐயம். உள்ளத்தொடு பொருந்தியது உண்மை, வாயொடு பொருந்தியது வாய்மை, மெய்யொடு பொருந்தியது மெய்மை என நம் முன்னோர் பகுத்துக் கூறுவர். உள்ளமும் வாயும் மெய்யும் இல்லாத ஒன்று இம்மூன்றனுள் எதனைப் பிழைத்தது? பொய்யன் உண்மையை அறிந்தவன்; அறிந்ததனாலேயே அதனை மறைக்கிறான். இப்பொறியின் இயல்பு வேறு. மனிதர் எழுதி வைத்த அளவிறந்த எழுத்துகளிலிருந்து, எச்சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் என்பதனை எண்களாக அது பயில்கிறது. வினா எழுந்ததும், அடுத்து வரத்தக்க சொற்கூற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்து அடுக்குகிறது. குறள் ஒன்றை எடுத்துக் காட்டுவதும் குறள் போன்ற ஒன்றைக் கட்டிவிடுவதும் அதற்கு ஒரே தொழில். அது பயின்றவற்றுள் ஆங்கிலமே மிகுதி, தமிழ் சிறுபங்கே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நூல்களைத் தேடிப் பார்த்து விடையிறுக்கும் செயலிகளும் இன்று உள, அவையும் தவறுவதுண்டு.

எனின், நாம் ஏன் நம்புகின்றோம்? 1966இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய யோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்னும் செய்நிரலை வெளியிட்டார். பெர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில், உயர்ந்தோர் வழக்கிற் பேசப் பழக்கப்படும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. உளமருத்துவர்போல நடிக்கும் அச்செய்நிரலிடம் ஒருவர் தம் தாயைப் பற்றி எழுதினால், குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுமாறு அது கேட்கும். நம் சொற்களையே திருப்பி வினாவாக்குவதன்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. (வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்பது தொல்காப்பியர்க்கும் உடன்பாடு.) அது உருவாகி வந்ததைப் பல மாதங்கள் அருகிருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். அவரே சிறிது நேரம் அதனோடு உரையாடியபின், தனித்துப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே செல்லுங்கள் என்று வைசன்பாமைக் கேட்டுக்கொண்டார். 1976இல் வெளியான தம் நூலில் இதனைக் கவலையோடு எழுதியவர் அக்கருவியை ஆக்கியவரே. மொழியைக் கண்டவிடத்து உள்ளத்தையும் கண்டதாக எண்ணுவது மனிதர் இயல்பு போலும். எம் மாணவனை மட்டும் எவ்வாறு குறைகூறுவோம்?

கலையிலும் இதுவே நிகழ்கிறது. 2018இல் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ‘எட்மண்ட் டி பெலாமி’ என்னும் உருவப்படத்தை 432,500 டொலருக்கு விற்றது. ஏறத்தாழ 15,000 பழைய உருவப்படங்களைப் பயின்று கணினி ஆக்கியது அது. ஓவியரின் கையொப்பம் இருக்கவேண்டிய மூலையில் கணிதச் சூத்திரத்தின் ஒரு பகுதி இருந்தது. எட்மண்ட் என அப்படி ஒருவர் இவ்வுலகில் வாழ்ந்ததில்லை. படம் அழகற்றது என்று நாம் கூறவில்லை. ஆயினும் அதன்முன் நின்று, ‘இவர் யார்?’ என்று கேட்பதற்கு இடமில்லை.

மாணவனிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தோம். குறள் வேண்டாம், உனக்குத் தெரிந்த ஒரு பொய்யைப் பற்றி எழுது என்றோம். அடுத்த சனிக்கிழமை ஒன்றேகால் பக்கம் கொண்டுவந்தான். ஊரில் இருந்த அவன் அம்மம்மா, நோய் முற்றிய இறுதி மாதங்களிலும், ஞாயிறுதோறும் தொலைபேசியில் தாம் நலமாக இருப்பதாகவே சொல்லி வந்தார். அதனை நம்பி அவன் விளையாடப் போய்விடுவான். அதுதான் கட்டுரை. குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் 292ஆம் குறளை அவன் எங்கும் குறிப்பிடவில்லை. அப்பொய் நன்மை தந்ததா என்பதும் தனக்குத் தெரியவில்லை என்றே எழுதியிருந்தான்.

பதினொரு எழுத்துப்பிழைகள் இருந்தன. பெரும்பாலும் லகர ளகர மயக்கம். எல்லாவற்றையும் திருத்தினோம். அம்மம்மா சொன்னதாக அவன் எழுதியிருந்த “நான் சுகமா இருக்கிறன் ராசா” என்பதை மட்டும் எழுத்து வழக்காக மாற்றாமல் விட்டோம்.