‘நார்மல்’ என்னும் ஒரு சொல்

பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் கேட்பது, “நார்மல்தானே?” என்பதே. “நார்மல்” என்று விடை வந்தால் மனம் ஆறுகிறது. ஆனால் இந்த ஒரே சொல் மருத்துவமனையில் பல பொருள்களில் வழங்குகிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று அறியாமையால் சிலர் துன்பத்திற்கு ஆளாவதையும் நாங்கள் கண்டுவருகிறோம். ஆதலால் இந்த இதழில் இச்சொல்லையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கொத்தனாரும் தச்சரும் மூலை பிடிப்பதற்குப் பயன்படுத்தும் மூலைமட்டத்திற்கு இலத்தீன் மொழியில் ‘நார்மா’ என்று பெயர். ராஜகிரி அடிவாரத்தில் நிற்கும் களஞ்சியத்தின் கனத்த சுவர்களைக் கண்ட செஞ்சி மக்களுக்கு, மூலை பிசகாமல் கட்டுவதன் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. மட்டத்திற்குப் பொருந்தியது எதுவோ அதுவே ‘நார்மல்’. கணிதத்தில் இச்சொல் இன்றும் செங்குத்துக் கோட்டைக் குறிக்கிறது. ஆசிரியர்களைப் பயிற்றிய பள்ளிகளும் முன்னாளில் ‘நார்மல் பள்ளி’ எனப்பட்டன. சென்னையில் 1856இல் அத்தகைய அரசுப் பள்ளி ஒன்று தோன்றியது. கற்பித்தலுக்கு முன்மாதிரி காட்டும் பள்ளி என்பது அங்கே பொருள்.

இனி மருத்துவமனைக்கு வருவோம்.

1. நார்மல் சலைன்: நரம்பு வழியே ஏற்றப்படும் உப்புநீர். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, அதாவது 0.9 விழுக்காடு, கலந்திருக்கும். இங்கு ‘நார்மல்’ என்பது நீரின் செறிவைப் பற்றியது. அதை ஏற்றுவதால் நோயாளி நலமாக இருக்கிறார் என்றோ, மோசமாக இருக்கிறார் என்றோ பொருளில்லை.

2. நார்மல் டெலிவரி: அறுவை இன்றி இயல்பான வழியில் நிகழும் பேறு. இச்சொல் பிறந்த வழியை மட்டுமே குறிக்கிறது. இவ்வாறு பெற்றெடுத்த தாய்க்கும் மிகுந்த உதிரப்போக்கோ, காய்ச்சலோ, கடும் தலைவலியோ வரலாம். “நார்மல்தானே ஆனது” என்று வீட்டில் காத்திருக்காமல், உடனே அழைத்து வர வேண்டும்.

3. அறிக்கையில் உள்ள நார்மல் அளவு: பல பரிசோதனைகளில், நலமுள்ள 100 பேரை எடுத்துக்கொண்டு, நடுவில் அமையும் 95 பேரின் அளவுகளை எல்லையாக வகுக்கிறார்கள். ஆகவே நலமுள்ள சிலரின் அளவும் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கக்கூடும், அச்சம் வேண்டாம். எல்லையும் எல்லோருக்கும் ஒன்றன்று. ஹீமோகுளோபின் 11.5 என்பது கர்ப்பிணிக்குப் போதுமான அளவு. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கோ அது இரத்தசோகை. அவருக்குக் குறைந்தது 12 இருத்தல் வேண்டும்.

4. ‘இசிஜி நார்மல்’: அந்த நிமிடத்தில் எடுத்த பதிவில் மாறுதல் தெரியவில்லை என்பதே இதன் பொருள். மாரடைப்பின் தொடக்கத்தில் பதிவு சீராகத் தோன்றுவதும் உண்டு. நெஞ்சுவலி நீடித்தால் மீண்டும் பதிவு எடுப்பதும் இரத்தப் பரிசோதனை செய்வதும் அதனால்தான். இவற்றை வீண்செலவு எனக் கருதி எழுந்து சென்றுவிடக் கூடாது.

5. ‘பிரஷர் நார்மல்’, ‘சுகர் நார்மல்’: உயிருக்கே உலை வைக்கும் குழப்பம் இங்கேதான் நேர்கிறது. மாத்திரை உட்கொண்டு வருபவரின் இரத்த அழுத்தம் 120/80 என வந்தால், “குணமாகிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்களைப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அந்த அளவு, மாத்திரை பிடித்து நிறுத்திய அளவு. சாய்கின்ற பந்தலுக்கு முட்டுக்கொடுத்தால் பந்தல் நேராக நிற்கும். நேராக நிற்கிறதே என்று முட்டை உருவினால் என்ன ஆகும்? அழுத்தம் மீண்டும் ஏறுகையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சிலருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும், இடைவிடாமல் உட்கொள்ள வேண்டியவை அவை என்பதனால்தான்.

சர்க்கரைக்கும் இதுவே பொருந்தும். வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இருப்பது இயல்பு. 126ம் அதற்கு மேலும் நீரிழிவு எனக் கொள்ளப்படும். நீரிழிவுள்ளவர் ஒருமுறை 98 பெற்றால், மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் வேலை செய்கின்றன என்று மகிழலாம். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே அடுத்த முறை ‘நார்மல்’ என்ற சொல்லைக் கேட்கும்போது, தயங்காமல் மூன்று வினாக்களைக் கேளுங்கள்:

எது நார்மல்?
மருந்தினாலா, மருந்தின்றியா?
இனி மருந்தைத் தொடர வேண்டுமா, மறுபடி எப்போது வர வேண்டும்?

விடையை அறிக்கையின் ஓரத்திலேயே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குக் காது மந்தமென்றால், உடன் வந்தவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கேள்வி கேட்பதால் மருத்துவரின் நேரம் வீணாகும் என்று எண்ண வேண்டாம். ஒரு சொல்லைத் தெளிவாகப் புரிந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.