பழைய ஓட்டை இறக்குவதா, மாற்றுவதா?

கேள்வி: தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் என் தாத்தா வாங்கிய கிராணி வீட்டில் வசிக்கிறோம். பலகை வீடு, மேலே சிவப்பு மண் ஓடு. கொஞ்ச காலமாக முகட்டோரத்திலும் நடுக்கூடத்திலும் ஒழுகுகிறது. வந்து பார்த்த குத்தகையாளர், "எல்லாம் நைந்துபோச்சு, இறக்கிவிட்டுத் தகரம் போடுங்கள்" என்கிறார். ஓடுகளைக் காப்பாற்ற வழியுண்டா? பின்கட்டுச் சமையலறையின் மேல் சாம்பல்நிற நெளிதகடு இருக்கிறது. அதையும் சேர்த்து இறக்கச் சொல்லலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நன்றாகச் சுட்ட மண் ஓடு நூறு ஆண்டுகூடத் தாங்கும். அதைச் சுமக்கும் குறுக்குச் சட்டமும் ஆணியும் அவ்வளவு நாள் நிற்பதில்லை. பேராக்கின் ஈரத்தில் ஆணி துருவேறும், சட்டத்தைக் கரையான் அரிக்கும், ஓட்டு வரிசை மெல்லக் கீழே சரியும். ஓடு முழுசாக இருக்கும்போதே பூட்டு விலகித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். வேல்ஸ் மலைக் கற்பலகைகளால் கூரை வேய்ந்த பிரிட்டன் வீடுகளிலும் கல்லுக்கு முன்னால் ஆணிதான் போகிறது. அங்கே பலகைகளை இறக்கி, தட்டிப் பார்த்து, நல்லதை மறுபடி ஏற்றுகிறார்கள்.

ஒரு மழை நாளில் உட்கூரைக்குள் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கைமரத்தின் வழியே வழிந்து வரும். அதனால் ஓட்டை சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இல்லாமல், சரிவில் இன்னும் மேலே இருக்கலாம். முகட்டோரம் ஒழுகுகிறது என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் முகட்டு ஓட்டின் சாந்து மேல். பழைய சுண்ணாம்புச் சாந்தின் மேல் யாராவது சிமெண்டு பூசியிருந்தால், வெயிலில் அது வெடித்து மயிரிழை விரிசல் விட்டிருக்கும். அப்படியானால் உங்கள் செலவு மிகவும் குறையும்.

அடுத்து, இரண்டு சரிவிலிருந்தும் பரவலாக நூறு ஓடுகளை இறக்கிச் சோதியுங்கள். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். அடிப்பக்கத்தைக் காசால் சுரண்டும்போது மாவாக உதிர்ந்தாலும், சட்டத்தில் மாட்டும் மூக்கு உடைந்திருந்தாலும் கழித்துவிடுங்கள். சிலவற்றைக் காயவைத்து எடைபோட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி எடைபோடுங்கள். இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல் நீர் குடித்தால் அதன் காலம் முடிகிறது. பாசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மென்மையான தூரிகையால் தேய்த்தால் போதும். ஆனால் அழுத்த நீர் பாய்ச்சிக் கழுவ மட்டும் விடாதீர்கள், மேல்தோல் உரிந்துவிடும்.

நூறில் எழுபதுக்கு மேல் தேறினால் தயங்காமல் பழையதையே ஏற்றுங்கள். சட்டத்தையும் ஆணியையும் மாற்றி, அடியில் நீர்த்தடுப்பு விரிப்பு போட்டால் போதும். பாதிகூடத் தேறாவிட்டால் புது ஓடு. இடைப்பட்டால், தேறியதையெல்லாம் சாலையைப் பார்த்த சரிவில் சேர்த்து, புதியதைப் பின்சரிவில் போடுங்கள். ஒரே சரிவில் கலக்காதீர்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இந்த ஓட்டை 1841இல் அல்சாசின் கிலார்டோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். பிறகு மார்சேய்ல் ஆலைகளும், 1865இல் மங்களூரில் தொடங்கிய பாசல் மிஷன் ஆலையும் அவ்வகை ஓடுகளைச் செய்து கடல் கடந்து அனுப்பின. அச்சுக்கு அச்சு சில மில்லிமீட்டர் மாறும், அந்த இடைவெளியே மழைக்குப் போதும். உங்கள் ஓட்டின் அடியில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இடிக்கும் கட்டடங்களிலிருந்து பழைய ஓடு வாங்கப் போனால் மாதிரி ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று பூட்டிப் பார்த்து வாங்குங்கள்.

தகரம் கெட்டதல்ல. ஆனால் சதுர மீட்டருக்கு நாற்பது கிலோ ஓட்டைச் சுமக்கக் கட்டிய வீட்டில் ஐந்து கிலோ தகரத்தை ஏற்றினால், மாலைப் புயல்காற்று தூக்காதபடி கூரையைச் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டும். உங்கள் குத்தகையாளர் அதற்கு விலை சொன்னாரா? பகல் வெக்கையும் மழை இரைச்சலும் வேறு. பேராக்கின் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. அவற்றின் பழைய வீடுகள் அரிதாகிவருகின்றன. தேறும் ஓட்டைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

சமையலறைத் தகடு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழைய சாம்பல்நிற நெளிதகடு கல்நார் கலந்ததாக இருக்கக்கூடும். அதன் இழை நுரையீரலில் தங்கினால் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். ஆய்வகத்தில் ஒரு துண்டைச் சோதிக்கும் வரை உடைக்கவோ அறுக்கவோ துளையிடவோ யாரையும் விடாதீர்கள். விரிசல் இல்லாத தகடு அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. கல்நார் உறுதியானால் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். கல்நார்த் தூசும் இழையும் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்படி பட்டியலிட்ட கழிவு; சாதாரணக் குப்பை லாரியில் ஏற்றக் கூடாது. எனவே ஓட்டு வேலையையும் இதையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள்.

வேலையை மழை குறைந்த ஜூன், ஜூலையில் வையுங்கள். ஒரு சரிவை முடித்து மூடிய பிறகே மறுசரிவைப் பிரிக்க வேண்டும் என்றும், இறக்கும் ஓடு வீட்டுக்காரருக்கே சொந்தம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.