எலும்பு அடர்த்தி ஆய்வு: யாரைப் பரிசோதிப்பது?

நமது மஹல்லாவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்கு எலும்பு பலவீனமாக இருக்கிறது? இதை அறிய ஓர் இலவச முகாம் நடத்தினால் போதும் என்று பலரும் எண்ணுகிறோம். முகாம் வருபவர்களுக்கு நல்லதுதான். ஆனால் ஊரின் நிலையை அது காட்டாது. நடக்க முடிந்தவர்கள் வருவார்கள். முதுகுவலியால் கவலைப்படுபவர்கள் வருவார்கள். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் மூதாட்டி வரமாட்டார். கடையை விட்டு வர முடியாதவரும் வரமாட்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் ஊர், ஒரே பதத்தில் வெந்த சோறு அல்ல.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1990இல் ஓர் ஆய்வு தொடங்கியது. எலும்பு முறிவும் எலும்பு அடர்த்தியும் அதில் ஆராயப்பட்டன. நகரின் ஒரு பகுதியில் வாழ்ந்த, 55 வயதான, அதைக் கடந்த அனைவரையும் அழைத்தார்கள். முதியோர் இல்லங்களில் இருந்தவர்களையும் விடவில்லை. அழைக்கப்பட்டவர்களில் சுமார் 78 சதவீதம், அதாவது 7,983 பேர் பங்கேற்றனர்.

எல்லோரையும் பரிசோதிக்க வசதி இல்லையென்றால் என்ன செய்வது?

1. முழுப் பட்டியல்: ஜமாஅத்தின் சந்தாப் பதிவேடு மட்டும் போதாது. சந்தா கட்ட இயலாதவர், வாடகைக்கு வந்தவர், தனியே வாழும் விதவை ஆகியோர் அதில் விடுபட்டிருக்கலாம். தெருத்தெருவாகச் சென்று எல்லா வீடுகளுக்கும் எண் இட வேண்டும்.

2. குலுக்கல்: 1,000 வீடுகளில் 200 தேவையென்றால், 1 முதல் 5 வரை எழுதி ஒரு சீட்டை எடுக்க வேண்டும். 3 வந்தால் 3, 8, 13 எனச் செல்ல வேண்டும். தெரிந்தவர் வீடு, வசதியான தெரு என்று பார்க்கக் கூடாது.

3. வீட்டில் யார்: தேர்வான வீட்டில் 50 வயது கடந்த ஆண், பெண் அனைவரையும் அழைக்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்வதால், முடிவை ஆண், பெண், வயது வாரியாகத் தனித்தனியே சொல்ல வேண்டும்.

4. மாற்று ஆள் கூடாது: வீடு பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும், பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. மறுப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது; அவர் வயதையும் காரணத்தையும் மட்டும், சொன்னால், குறித்துக்கொள்ளலாம். பல காரணங்கள் தீர்க்கக்கூடியவை. பெண் பணியாளர் இருந்தால் பல சகோதரிகள் வருவார்கள். வாகனம் அனுப்பினால் முதியோர் வருவார்கள். டெக்ஸா ஸ்கேனில் கதிர்வீச்சு மிகக் குறைவு என்று விளக்கினால் அச்சம் நீங்கும்.

டெக்ஸா ஸ்கேனில் கிடைக்கும் டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோல் இது. இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். கருவி சரியாகவே அளக்கும். ஆனால் யாரை அளந்தோம் என்பதில் தவறினால், உதவி தேவைப்படும் வீடுகள் கணக்கிலேயே வராமல் போய்விடும்.

ஆகவே, நாளை உங்கள் கதவைத் தட்டினால், "எனக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் வலி, அவரை அழையுங்கள்" என்று சொல்லாதீர்கள். நலமாக இருக்கும் உங்களையும் சேர்த்து அளந்தால்தான் அந்த அம்மாவைப் போல் எத்தனை பேர் என்பது தெரியும்.