வலிப்பும் பன்றி நாடாப்புழுவும்

ஓர் உயிர் மற்றோர் உயிரின் உடலுக்குள் குடியிருந்து, அதன் உணவையே தன் உணவாகக் கொண்டு வாழுமாயின் அதனை ஒட்டுண்ணி என்கிறோம். கால்நடைகளிலிருந்து மனிதரைப் பற்றும் ஒட்டுண்ணிகள் பல. அவற்றுள் பன்றி நாடாப்புழுவைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். காரணம் உண்டு. நான் வளர்ந்த கோலார் தங்கவயலில் எவருக்கேனும் காக்காய் வலிப்பு வந்தால், "பன்றிக்கறி தின்ற பலன்" என்று சொல்லிவிடுவார்கள். லைன் வீடுகளில் வாழும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களை இழித்துப் பேச இச்சொல் மிகவும் வசதியாக இருக்கிறது. இதில் உண்மை எவ்வளவு?

முதிர்ந்த நாடாப்புழு மனிதனின் சிறுகுடலில்தான் வாழ்கிறது. இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை வளரும். அதன் கடைசிக் கணுக்கள் முற்றி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50,000 முட்டைகளோடு மலத்துடன் வெளியேறும். அம்மலத்தைத் தின்னும் பன்றியின் குடலில் முட்டை பொரிந்து, புழுக்குஞ்சு இரத்தத்தோடு சென்று, தசையில் தங்கிப் பட்டாணி அளவு நீர்ப்பையாகிறது. அக்கறியை வேகாமல் தின்றவரின் குடலில் நீர்ப்பை மீண்டும் நாடாப்புழுவாகிறது. 1855-இல் கூக்கன்மைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர், மரணதண்டனை பெற்ற கைதியின் உணவில் நீர்ப்பைகளைக் கலந்து கொடுத்து, தண்டனைக்குப்பின் அவன் குடலைத் திறந்து பார்த்து இதனை நிறுவினார். முடிவு சரிதான், முறையை யார் மெச்சுவார்?

இதுவரை சொன்னதில் வலிப்பு எங்கே? குடலில் புழு உள்ளவருக்குப் பெரும்பாலும் பெருந்தொல்லை எதுவுமில்லை. ஆபத்து முட்டையில் இருக்கிறது. கழுவாத கையாலோ, சாக்கடை நீர் பாய்ந்த பச்சைக் காய்கறியாலோ, குடிநீராலோ அம்முட்டை ஒருவர் வாய்க்குள் போனால், பன்றியின் உடலில் செய்ததையே அவர் உடலிலும் செய்கிறது. நீர்ப்பை மூளையில் தங்கும்போதுதான் வலிப்பு. ஆகவே வலிப்புக்கு நேர்வழி பன்றிக்கறியன்று, மனித மலம். புழு உள்ளவருக்கும் அவர் வீட்டாருக்கும் அபாயம் மிகுதி. ஆயினும் ஆயுளில் புலால் தொடாதவருக்கும் இது வரும். எங்கள் வீடுகளில் நெடுநேரம் கொதிக்கும் குழம்பில் நீர்ப்பை பிழைப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, காட்பாடியில் இறங்கி எங்கள் ஊரார் வைத்தியத்துக்குப் போகும் வேலூரிலேயே இருக்கிறது. 1980-களில் சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒரு புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அப்புள்ளிகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அங்கே கண்டது நாடாப்புழுவின் நீர்ப்பை. 1989-இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது. பின்னர் வேலூர் வட்டாரத்தில் சுமார் 50,000 மக்களிடையே நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம் என்று தெரிந்தது.

தங்கவயலில் 1880 முதல் 2001 வரை பொன் எடுத்தார்கள். லைன் வீடுகள் பலவற்றுக்குத் தனிக் கழிப்பிடம் மட்டும் வரவில்லை. திறந்தவெளி, அதிலே அவிழ்த்துவிட்ட பன்றி. புழுவுக்கு வேறென்ன வேண்டும்? தின்றவரைத் திட்டுவோர் கழிப்பிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பன்றிக்கு இன்று தடுப்பூசி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான இது, ஹைதராபாத்தில் தயாராகிறது. மனிதருக்கு அப்படி ஒன்று இல்லை. ஆனால் குடற்புழுவை நீக்க மாத்திரை உண்டு. மலத்தில் வெண்மையான தட்டைத் துண்டுகள் தெரிந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லலாம். வலிப்பு உள்ளவர் மட்டும் பூச்சி மருந்தைத் தாமாக வாங்கித் தின்னலாகாது. மூளையிலுள்ள நீர்ப்பை சாகும்போது வீக்கம் உண்டாகி வலிப்பு அதிகமாகக்கூடும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் பயனில்லை. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், அடங்கும்வரை அருகில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.