பிறகு படிப்போம்
(மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாற்றுத் துறை)

"பிறகு படிக்கலாம்" என்று ஒதுக்கி வைப்பது மாணவர் உலகில் புதிதன்று. முன்னாளில் நாளேட்டுத் துணுக்குகளைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தனர். இந்நாளில் கைப்பேசித் திரையில் ஒரு தட்டுத் தட்டுகிறோம். சேர்த்துவிட்டோம் என்று மகிழ்கிறோம். ஆனால், உண்மையில் சேர்த்தது என்ன? இவ்வினாவுக்கு விடை காண நான் கொடுத்த விலை சிறிதன்று. அதனை எடுத்துரைப்பது பின்வரும் மாணவர்க்குப் பயன்படும் என நம்புகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் ஏரியின் வரலாற்றைக் கட்டுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். ஏரிப் பாசனம், மதகு, குடிமராமத்து ஆகியவை பற்றி இணையத்தில் கண்ட கட்டுரைகளின் இணைப்புகளையெல்லாம் எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டேன். ஆறு திங்களில் 300-க்கு மேல் சேர்ந்தன. எழுத அமர்ந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. எது எதைப் பற்றியது என்றே தெரியவில்லை. தேடிக் கண்டெடுத்தவற்றுள்ளும் சில திறக்கவில்லை. எங்கள் மதகு பழுது பார்க்கப்பட்ட ஆண்டைக் கூறிய கட்டுரையும் அவற்றுள் ஒன்று.

"சான்று எங்கே, தம்பி?" என்று பேராசிரியர் கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. அந்தப் பத்தியையே நீக்க நேர்ந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். என்னிடம் இருந்ததோ சுரைக்காய் விற்ற கடையின் முகவரி மட்டுமே!

முகவரி வேறு, பொருள் வேறு

இணைப்பு என்பது ஒரு பக்கம் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரியே அன்றி, அப்பக்கம் அன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. சேர்த்து வைக்க உதவும் சேவைகளும் நிலையானவை அல்ல. 2007-இல் தொடங்கப்பெற்றுப் பலர் பயன்படுத்திய 'பாக்கெட்' என்னும் சேவை 2025 ஜூலை 8-ஆம் நாள் மூடப்பட்டது.

எனவே, படியெடுத்து வைத்தலே பாதுகாப்பு. உலாவியில் அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, காகிதத்துக்குப் பதிலாகப் பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கலாம். மேலும், 1996-இல் நிறுவப்பட்ட இண்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் 'வேபேக் மெஷின்' என்னும் காப்பகத்தில் முகவரியை இட்டு, சேமிக்கும்படி கேட்கலாம். எல்லார்க்கும் திறந்துள்ள பக்கமாயின், பெரும்பாலும் அதன் படி அங்குப் பதிவாகிவிடும். மறைந்த பக்கத்தின் பழைய படியையும் அங்கே தேடலாம். நான் இழந்தவற்றுள் இரண்டை அவ்வாறே மீட்டேன். மதகுக் கட்டுரை மட்டும் அங்கும் இல்லை.

வகைப்படுத்தும் முறை

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது அவற்றுள் நான்காவது. 1933-இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், இடம், காலம் எனப் பல முகங்களில் நோக்கியது. இம்முறை நமக்கும் பொருந்தும். ஒரு கட்டுரைக்கு 'மதகு', 'செங்கற்பட்டு', '19-ஆம் நூற்றாண்டு' என மூன்று குறிச்சொற்கள் இட்டால், எவ்வழியில் தேடினும் அது கைக்கு எட்டும்.

நான் இப்போது கைக்கொள்ளும் ஒழுங்கு இதுவே:

1. கோப்பின் பெயரை ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் எண்களால் தொடங்குகிறேன். கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும்.

2. ஆசிரியர், தலைப்பு, தளம், வெளிவந்த நாள், நான் பார்த்த நாள் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்கிறேன்.

3. எதற்காகச் சேர்த்தேன் என்பதை ஒரு வரியில் எழுதுகிறேன். அவ்வரி எழுத வராவிடில், அதனைச் சேர்ப்பதில்லை.

4. கைப்பேசியில் உள்ளதைப் பென் டிரைவிலும் படியெடுத்து வைக்கிறேன்.

5. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சேர்த்தவற்றைப் படிக்கிறேன், வேண்டாதவற்றை நீக்குகிறேன்.

கணிப்பொறி வசதி உடையோர்க்கு, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த 'சொடேரோ' என்னும் இலவச மென்பொருள் இப்பணிகளுட் பலவற்றை ஓரிடத்திலேயே செய்ய உதவும்.

இவ்வொழுங்கைக் கைக்கொண்டபின் பழைய இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 300-இல் 40 மட்டுமே எஞ்சின. ஆனால், அந்த 40-ஐயும் படித்து முடித்துவிட்டேன். முன்பு என்னிடம் 300 இருந்தபோது படித்தது பத்துகூட இராது.

மதகின் ஆண்டை அறிய, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டும் பழைய ஆவணங்களைப் புரட்டியும் வருகிறேன். கண்டவுடன் முதல் வேலையாகப் படியெடுப்பேன். நண்பர்களே, நீங்களும் இன்றிரவே உங்கள் கைப்பேசியைத் திறந்து, 'பிறகு' என்று ஒதுக்கியவற்றுள் ஒன்றையேனும் படியெடுத்துப் படித்துப் பாருங்கள். பேராசிரியர் சான்று கேட்கும் நாளில் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.