முதன்முதலாக வெள்ளாடு வாங்குவோர் கவனத்திற்கு

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயிகளே! மழை பொய்த்தாலும் கைகொடுக்கும் என்று வெள்ளாடு வளர்க்க எண்ணுகிறீர்களா? நல்ல எண்ணமே. ஆனால் ஆடுகள் வீடு வந்த முதல் மூன்று வாரங்களில் நீங்கள் காட்டும் கவனமே இலாப நட்டத்தை முடிவு செய்யும்.

எதை வாங்குவது?

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களுக்குரிய கன்னி ஆடு நம் வெயிலுக்குப் பழகியது. கறுப்பு உடலும் முகத்தில் வெள்ளைக் கோடும் உள்ளது பால்கன்னி. செந்நிறக் கோடுள்ளது செங்கன்னி. தொடக்கத்தில் 5 பெட்டைகள் போதும். இரண்டு அல்லது நான்கு பல் போட்டவற்றைத் தேர்ந்தெடுங்கள். நிறைசினை ஆட்டை வண்டியில் நெடுந்தூரம் ஏற்றி வர வேண்டாம். சந்தையில் பல ஊர் ஆடுகள் கலந்து நிற்கும். ஆகவே, இயன்றவரை பட்டிக்கே சென்று பார்த்து வாங்குவது நலம்.

ஏன் தனியே கட்ட வேண்டும்?

ஆட்டுக்கொல்லி நோய் 1987-ல் விழுப்புரம் அருகே அரசூரில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்நோய்க் கிருமி உடலில் புகுந்து, பொதுவாக 4 முதல் 6 நாட்கள் கழித்தே காய்ச்சல் தோன்றும். வாங்கும்போது துள்ளி நின்ற ஆடு மறுவாரம் மூக்கொழுகி, வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டு படுத்துவிடுவது இதனால்தான். எனவே புதிய ஆடுகளை 21 நாட்கள் தனியே கட்டுங்கள். தீவனத்தொட்டி, தண்ணீர்த்தொட்டியும் தனியாக இருக்கட்டும். வீட்டு ஆடுகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் செல்லுங்கள்.

தீவனம்

பசியோடு வந்ததே என்று முதல் நாளே சோளமோ கம்போ அள்ளி வைக்காதீர்கள். வயிறு கெடும், துள்ளுமாரி நோய்க்கும் அது வழி செய்யும். தண்ணீரும் உலர்ந்த தழையும் முதலில் கொடுங்கள். முன்பு தின்ற தீவனத்தை விற்றவரிடம் கேட்டறிந்து, ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

தடுப்பூசி

களைப்புத் தீர்ந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு நீக்குங்கள். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகளை அவர் சொல்லும் நாளில் போடுங்கள். துள்ளுமாரி ஊசியை ஆண்டுதோறும் மழைக்கு முன் போடுவது அவசியம்.

மேய்ச்சல்

மேற்கு மலைக்காட்டை நம்பி ஆடு வாங்க வேண்டாம். அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வளர்த்த பின் ஆடு வாங்குங்கள். தழை முந்தட்டும், ஆடு பிந்தட்டும்.